விளங்காத கை

எனக்கு வாதம் வந்தது ஒரு ஐப்பசி மாதம், கடலை பிடுங்குகிற நாளில். எழுபதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். இன்று இதை எழுதும்போது காகிதம் நகராமல் அழுத்திக்கொண்டிருப்பது அந்த இடது கைதான். விரல் மடங்காது. ஆனால் கனமாக இருக்கும், காகிதத்துக்கு அது போதும். அது என் கை என்று இப்போது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்த எட்டு மாதத்தில் நடந்த ஒன்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கொல்லை, நிலத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து நடக்கிற தூரம். அன்று காலை கொடியைக் குவித்துப் போட்டு ஆட்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். எந்த வலியும் இல்லை. தரை மட்டும் இடது பக்கமாக எழும்பி வந்து என் கன்னத்தில் பட்டது. வண்டி கட்டி ஊருக்குள் கொண்டுவந்து, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கண் விழித்தபோது என் வயிற்றின் மேல் ஒரு கை கிடந்தது.

பக்கத்துப் படுக்கைக்காரர் தூக்கத்தில் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். "அண்ணா, கையைக் கொஞ்சம் எடுங்க, பாரமா இருக்குது" என்றேன். எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "நான் இங்க இருக்கேனுங்க. என் ரெண்டு கையும் எங்கிட்டத்தான் இருக்குது." தலையைத் திருப்பிப் பார்த்தால் அந்த மனிதர் நாலு முழம் தள்ளி, காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அப்படியானால் இது யார் கை?

வலது கையால் அதைத் தூக்கிப் பார்த்தேன். சூடாக இருந்தது. செத்தவர் கை இல்லை என்று ஒரு நிம்மதி. புறங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. எனக்கும் அங்கே தழும்பு உண்டு, சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் பட்டது. அந்த ஆளுக்கும் அதே இடத்தில் பட்டிருக்கிறது, விவசாயிதான் போல என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

என் மனைவி வந்ததும் சொன்னேன். "இந்தா, யாரோ ஒரு பெரியவர் எம்பக்கத்துல படுத்திருக்காரு. கையை இங்க வெச்சிட்டு எங்கியோ போயிட்டாரு. வந்தா எடுத்துக்கச் சொல்லு."

அவள் பயந்து போய் என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, அது உங்க கைதானுங்க."

"என் கை இது" என்று வலது கையைக் காட்டினேன்.

"இன்னொரு கை எங்க அப்ப?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லையே என்ற கவலையும் இல்லை. அதுதான் இப்போது யோசித்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. என் இன்னொரு கையை நான் தேடவே இல்லை.

காலும் விழுந்திருந்தது. ஆனால் கால் என்னுடையதாகவே இருந்தது. சோம்பேறிக் கால், அவ்வளவுதான். அதைத் திட்டினேன், தடவினேன், நடக்கப் பழக்கினேன். கையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவருடையதை எப்படித் திட்டுவது? "அவர்" என்றுதான் சொல்வேன். "அவரைக் கொஞ்சம் தள்ளிப் படுக்க வை", "அவருக்குக் குளிருது போல, போர்த்து விடு" என்பேன். மனைவி போர்த்திவிடுவாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். நல்ல மனிதர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுவார். ஒருநாள் என் மனைவி அவரிடம், "கை விளங்கலைங்க, அதோட கை என்னுதில்லைன்னு வேற சொல்றாருங்க. காத்து கருப்பு அண்டியிருக்குமோன்னு ஊர்ல பேசிக்கறாங்க" என்றாள்.

டாக்டர் என் தலையின் வலது பக்கத்தில், காதுக்கு மேலே, விரலை வைத்தார்.

"இந்த இடத்துல ரத்தக்குழா அடைச்சிருக்குதுங்க ஐயா. வலது மூளைதான் இடது பக்கத்தைப் பாத்துக்கும். கையை ஆட்டுற இடம் ஒண்ணு, அது கெட்டுப்போச்சு. அதுக்குக் கொஞ்சம் பின்னால, உங்க உடம்பு முழுசும் ஒரு படம் மாதிரி இருக்குதுன்னு வெச்சுக்கங்க. இது என் கால், இது என் கைன்னு உங்களைக் கேக்காமலே அது சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தப் படத்துல இடது கை இருந்த இடம் இப்ப அழிஞ்சுபோச்சு. கண்ணு பாக்குது, கை இருக்குதுன்னு சொல்லுது. படத்துல பாத்தா இல்லை. அப்ப மூளை என்ன பண்ணும்? யாருதோன்னு சொல்லிடுது."

"பைத்தியமுங்களா?" என்றாள் மனைவி, மெல்ல.

"பைத்தியம் இல்லீங்கம்மா. காத்து கருப்பும் இல்லை. உங்க வூட்டுக்காரருக்குக் கை ரெண்டு விதமா விளங்கலை. வேலை செய்யவும் விளங்கலை, தன்னுதுன்னும் விளங்கலை. ரெண்டாவது பெரும்பாலும் சரியாயிடும். எப்பன்னு சொல்ல முடியாது." பிறகு என்னைப் பார்த்து, "இப்ப விளங்குதுங்களா?" என்று கேட்டார்.

"நீங்க சொல்றது நல்லா விளங்குதுங்க. கைதான் விளங்கலை" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் உண்மையைத்தான் சொன்னேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் புத்திக்கு ஏறியது. ஏறியும் குனிந்து பார்த்தால் அங்கே கிடந்தது அவர் கைதான், அந்தப் பெரியவர் கை.

பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். வீட்டில் இருந்தது வேறு கவலை. எங்களுக்கு ஒரே மகள். அவளை மொரப்பூர் பக்கம் ஒரு நல்ல குடும்பத்தில் நிச்சயம் செய்திருந்தோம். தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கண்ணியமானவர்கள், ஆனால் ஒன்று கேள்விப்பட்டிருந்தோம். ஏற்கனவே ஒரு இடத்தில் பெண்ணின் சித்தப்பாவுக்குப் புத்தி சரியில்லை என்று தெரிந்து வெற்றிலைத் தட்டைத் திருப்பியவர்கள்.

வந்த முதல் நாளே என் மனைவி கட்டிலருகில் உட்கார்ந்து, விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னாள். "யாரு வந்து கேட்டாலும் கை விளங்கலைன்னு சொல்லுங்க. அது பொய் இல்லை. என்னுதில்லைன்னு மட்டும் வாயைத் தொறந்து சொல்லிடாதீங்க. உங்க மவ வாழ்க்கை அதுல இருக்குது."

அன்றிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்குள்ளே குடியிருந்தேன். பங்காளிகள் வருவார்கள், "கை எப்படி இருக்குது?" "விளங்கலை." கூட்டுறவுச் சங்கத்துக்காரர் வருவார். "விளங்கலைங்க." அவர்கள் உச்சுக் கொட்டி, பப்பாளி சாப்பிடச் சொல்லி, புறா ரத்தம் தேய்க்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் சொன்னது ஒன்று, அவர்கள் கேட்டது ஒன்று. வீடு நிறைய ஆள் இருந்தும் நான் ஒருவனாகத்தான் இருந்தேன். ஒருவன் என்று சொல்வதும் சரியில்லை. பக்கத்தில் எப்போதும் அவர் இருந்தார், பேசாமல்.

இன்னொன்றும் நடந்தது. இலையில் இடது பக்கம் இருப்பது எனக்குத் தெரியாமலே போகும். பாதி இலையைச் சாப்பிட்டுவிட்டுப் பொரியல் வைக்கவில்லை என்று கோபித்துக்கொள்வேன். என் மனைவியின் தம்பி, எங்கள் வீட்டோடு இருந்து கொல்லையைப் பார்த்துக்கொண்டவன், அவன்தான் இலையைத் திருப்பி வைப்பான். "மாமா, இந்தப் பக்கத்து அவரைக்கா உங்ககிட்ட என்ன பாவம் பண்ணுச்சு? அதையும் கொஞ்சம் கவனிங்க" என்பான். அவன் கேலி இல்லாவிட்டால் அந்த மார்கழியைத் தள்ளியிருக்க மாட்டேன்.

மார்கழியில்தான் சம்பந்தி வந்தார். தலையில் பெரிய உருமாலைக் கட்டு, வெள்ளை மீசை. நாற்காலியில் உட்கார்ந்து மழை, மாம்பூ, பஸ் வராதது எல்லாம் பேசினார். பிறகு என் மடியைப் பார்த்து, "கை இப்ப எப்படிங்க சம்மந்தி?" என்றார்.

"தூங்கறாருங்க" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. மனைவி தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருங்க தூங்கறாரு?" என்றார் சம்பந்தி.

மைத்துனன் ஒரு நொடி கூட விடவில்லை. "கையைத்தானுங்க மாமா சொல்றாரு. நம்ம பக்கம் வேலை செய்யாம உக்காந்திருக்கறவங்களைத்தானுங்க அவரு இவருன்னு மரியாதை குடுத்துக் கூப்பிடுவோம். நம்ம பஞ்சாயத்துல இருக்கறவங்களையே பாருங்களேன்."

சம்பந்தி மீசை குலுங்கச் சிரித்தார். "சரியாச் சொன்னப்பா. எங்கூட்டு அண்ணனையும் நான் அவருன்னுதான் சொல்றேன்." பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவர் போன பிறகு என் மனைவி அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளுக்குப் பயம் கல்யாணம் நின்றுவிடும் என்று. எனக்கு அதோடு இன்னொரு பயமும் இருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பல நாள் வைத்திருந்தேன். தாரை வார்த்துக் கொடுக்கும்போது அப்பன் இரண்டு கையையும் ஏந்த வேண்டும். அதன் மேல் பெண்ணின் கையும் மாப்பிள்ளை கையும். தாய் தண்ணீர் வார்ப்பாள். நான் சாஸ்திரம் படித்தவன் இல்லை. கிருத்திகை விரதமும் காலையில் முருகனுக்கு ஒரு விளக்கும்தான் என் பக்தி. ஆனால் கொடுக்கிறவன் தன் கையால் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். யாரென்றே தெரியாத ஒருவர் கையில் பாதியை வைத்துப் பெண்ணைக் கொடுத்தால் அது கொடுத்ததாக ஆகுமா? சாமி கணக்கில் அவள் பாதி கொடுக்கப்படாமல் நின்றுவிட்டால்?

கடைசியில் சொன்னேன். "தாரை வாத்துக் குடுக்கறதை என் பெரியப்பா மவனைச் செய்யச் சொல்லலாம்."

"அப்பன் உசுரோட உக்காந்திருக்கறப்பவா?" என்றாள். "கை தூக்க முடியலைன்னா நான் தூக்கிப் புடிச்சுக்கறேன்."

"தூக்கறது இல்லை விசயம். அடுத்தவர் கையால நான் எப்படி..."

அவள் குரலில் இருந்தது கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. "இருபத்தி ரெண்டு வருசமா இந்தக் கைதான் என் பக்கம் இருந்துச்சு. நீங்க வலது பக்கம் திரும்பிப் படுக்க மாட்டீங்க. இது அடுத்தவரு கைன்னா, அப்ப இத்தனை நாளு நான் யாருகூடக் குடும்பம் நடத்துனேன்?" என்றாள். எழுந்து போய்விட்டாள். தாரை வார்த்துக் கொடுப்பது நான்தான் என்று அதோடு முடிவாகிவிட்டது.

தை பிறந்து சீர்ச் சாமான் வந்து இறங்கியது. அதில் ஒரு இரும்பு பீரோ, கதவில் ஆளுயரக் கண்ணாடி வைத்தது. அதைக் கூடத்தில் நிறுத்தினார்கள். எல்லோரும் கொல்லைக்குப் போன ஒரு மத்தியானம் நான் நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆள் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான். மடியில் இரண்டு கை. இரண்டும் என் கை.

குனிந்து மடியைப் பார்த்தேன், அந்தப் பெரியவர் கை. நிமிர்ந்தேன், கண்ணாடியில் என் கை, தழும்போடு. குனிந்தால் அவர், நிமிர்ந்தால் நான். எத்தனை முறை அப்படிச் செய்தேனோ. "முருகா, முருகா" என்று சத்தமாகவே சொன்னேன். கண்ணாடியில் தெரிகிற படம் மூளையில் வேறு வழியாகப் போகுமோ என்னவோ, அந்த டாக்டரிடம் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

அதிலிருந்து தினம் மத்தியானம் அங்கேதான். யாரிடமும் சொல்லவில்லை. மைத்துனன் ஒருநாள் பார்த்துவிட்டு, "மாமா, மாப்பிள்ளை நீங்களா, உங்க மருமவனா? இப்படி அழகு பாக்கறீங்க!" என்றான். நான் மனசுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பந்தலில் மணையில் உட்காரும்போது எதிரே சீர் வரிசையாக இந்த பீரோவை நிறுத்தச் சொல்ல வேண்டும். தாரை வார்க்கிற நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது இரண்டும் என் கையாக இருக்கும், என் கையால் கொடுப்பேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து லாரி வந்தது. நெல் ஏற்றிப் போன லாரி காலியாகத் திரும்புகிறது, சாமானை இப்போதே ஏற்றிவிட்டால் நல்லது என்றார்கள். நியாயமான பேச்சு. "பீரோ மட்டும் நாளைக்கு இருக்கட்டுமே" என்றேன். "எதுக்குங்க, பந்தல்ல இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்றான் மைத்துனன். காரணம் சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். லாரிக்காரர், மாப்பிள்ளையின் சித்தப்பா, நாலு ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சரி, ஏத்துங்க" என்றேன். கண்ணாடி உடையாமல் இருக்க அதன் மேல் மெத்தையை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள்.

மறுநாள் காலை முகூர்த்தம். மணையில் என்னைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார்கள். எதிரே சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐயர், "ரெண்டு கையையும் ஏந்துங்கோ" என்றார். நான் வலது கையை நீட்டினேன். மனைவி என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையோடு சேர்த்து வைத்தாள். மாப்பிள்ளை கை வந்தது, அதற்கு மேல் மருதாணி போட்ட என் மகள் கை வந்தது.

வேறு வழி தெரியவில்லை. மனசுக்குள் அவரைக் கூப்பிட்டேன். ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இத்தனை நாளா எங்கூட இருக்கீங்க, ஒரு கெடுதலும் பண்ணலை. என் ஒரு கை பத்தலை, உங்க கையையும் குடுத்திருக்கீங்க. எம்பொண்ணு நல்லா இருக்கணும்னு நீங்களும் நினைச்சுக்கங்க. முருகா, ரெண்டு பேரு குடுத்ததா வெச்சுக்க.

தண்ணீர் விழுந்தது. வலது கையில் சில்லென்று பட்டது. இடது கையில் விழுந்து வழிவதைப் பார்த்தேன். மேளம் கொட்டியது. எல்லாம் ஒழுங்காக முடிந்தது. சம்பந்தி வந்து என் தோளைத் தட்டினார்.

பெண்ணை அனுப்புகிற நேரம். நான் நின்று அனுப்ப வேண்டும் என்று எழுந்தேன். தடி எங்கேயோ போய்விட்டது. வலது கையால் பந்தக்காலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன், விட்டால் விழுந்துவிடுவேன். மகள் காலில் விழுந்து எழுந்தாள். எழுந்தவள், தொங்கிக்கொண்டிருந்த இடது கையை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "உடம்பைப் பாத்துக்கங்கப்பா, அம்மாகிட்ட சண்டை போடாதீங்கப்பா" என்று அந்தக் கைக்குள்ளேயே சொன்னாள்.

என்மேல் ஒன்றும் படவில்லை. அவள் முகத்தின் சூடு, கண்ணீர், எதுவும். என் மகள் எனக்குப் பக்கத்தில் நிற்கிற யாரிடமோ விடைபெற்றுக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் வாம்மா, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தி நின்றுகொண்டிருந்தார், மனைவி நின்றுகொண்டிருந்தாள். "போயிட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கார் கிளம்பிப் போன பிறகு மைத்துனன் நாற்காலி கொண்டுவந்து என்னை உட்கார வைத்தான். இலை எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கை என் மடியில் கிடந்தது. புறங்கையில் அவள் கண்ணீரும் கொஞ்சம் கண்மையும் இருந்தன. துண்டு தோளில்தான் இருந்தது. அதைத் துடைக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.